கூடுதலாக எண்பது தலை

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிவிட்டது. இன்னும் அவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இல்லாமல் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கோயில் பங்கு அலுவலகத்துப் பழைய பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். கோபம் வந்தால் அவர் மனைவியே "இந்தாங்க கண்டக்டரே" என்றுதான் ஆரம்பிப்பாள். அதற்குப் பிறகு வருவதை இங்கே எழுத முடியாது.

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் நின்ற மனுஷன். உட்கார்ந்தவர், நின்றவர், படியில் தொங்கியவர், மடியில் கிடந்த குழந்தை, எல்லோரையும் முன்னிருந்து பின்னுக்கு ஒரு பார்வை பார்த்தால் போதும், தலைக்கணக்கு மனசில் ஏறிவிடும். ஒருமுறை தூரப் பயணத்தில் டீ குடிக்க நிறுத்திய இடத்திலிருந்து வண்டி கிளம்பி நாலு மைல் போன பிறகு விசில் ஊதி நிறுத்தினார். "ஒரு தலை குறையுது" என்றார். டிரைவர் பல்லைக் கடித்தார், பயணிகள் திட்டினார்கள், வண்டியைத் திருப்பினார்கள். போய்ப் பார்த்தால் கழிவறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு ஒரு கிழவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோயிருந்தார். இந்தக் கதையைக் கண்டக்டர் சொன்னதைவிட ஊரார் சொன்னதுதான் அதிகம். அதற்காக அவர் சொன்னது ஒன்றும் குறைச்சல் இல்லை.

அப்படிப்பட்டவரைக் கோயில் வாசலில் நிறுத்தாமல் வேறு யாரை நிறுத்துவார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிப் பூசைக்கு எட்டரைக்கே வந்துவிடுவார். பாட்டுத் தாள் கொடுப்பார், முடியாதவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைப்பார், செல்போனை அணைக்கச் சொல்லி முறைப்பார். அவருடைய அப்பாவும் அதே வாசலில்தான் நின்றார். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மகன் செய்த காரியத்தின் கனம் தெரியாது.

ஒரு காலத்தில் எல்லாம் ஒரே கோயிலைச் சேர்ந்த ஒரே பங்குதான். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கல்லால் கட்டிய பெரிய கோயில். அந்தப் பக்கம் பட்டறைகள், தொழிலாளர் வீடுகள். அங்கிருந்து பூசைக்கு வருகிறவர்கள் ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். சரக்கு ரயில் வந்தால் கேட் சாத்திவிடும். சாத்தினால் இருபது நிமிஷம். அதனால் அவர்கள் வந்து சேரும்போது பிரசங்கம் பாதி முடிந்திருக்கும். அப்போதிருந்த சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "ரயிலுக்கே நேரம் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். அடுத்த வாரம் சுவிசேஷம் வாசித்து முடிந்ததும் வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். தாழ்ப்பாளைப் போட்டது கண்டக்டரின் அப்பா. இருபத்துமூன்று குடும்பம் மழையில் நனைந்தபடி, சாத்திய கதவுக்கு வெளியே நின்று பூசை கேட்டுவிட்டுப் போனது. போனவர்கள் திரும்பி வரவில்லை. காலியாகக் கிடந்த ஒரு தகரக் கிடங்கை வாடகைக்குப் பிடித்தார்கள், ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, மனுமேல் மனுவாகப் போட்டார்கள், மூன்றாம் வருஷம் தனிப் பங்காகிவிட்டார்கள்.

அன்றிலிருந்து இது கல் கோயில், அது தகரக் கோயில். அவர்கள் சோம்பேறிகள் என்று கல் கோயில்காரர்கள் சொல்வார்கள். இவர்கள் கதவைச் சாத்தினவர்கள் என்று தகரக் கோயில்காரர்கள் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. கதவைச் சாத்தியதில் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அப்பா அதைப் பற்றிக் கடைசிவரை வாயே திறக்கவில்லை. ஆனால் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வெல்டரைப் பார்த்து முடித்தார். கதவைச் சாத்தினவர் பொண்ணைக் கொடுத்துப் பரிகாரம் தேடுகிறார் என்று ஊர் சிரித்தது.

அந்தப் பொண்ணுதான் கண்டக்டரின் தங்கை. அவளும் எண்ணுகிற ஜாதிதான். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம் மாத்திரை எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்தவள். சின்ன வயசில் அண்ணனும் தங்கையுமாகக் கேட்டில் நின்று சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணுவார்கள். வாய்க்குள்ளேயே எண்ண வேண்டும். கடைசிப் பெட்டி போனதும் அவள், "நீ முதல்ல சொல்லு" என்பாள். அவர் சொல்வார். "எனக்கும் அதேதான்" என்பாள். கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்ற பிறகும் இரண்டு பேரும் கேட்டில் நிற்க நேர்ந்தால் இந்த விளையாட்டு உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சாமியார்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. ஆறு வருஷமாக இரண்டு பங்குக்கும் ஒரே சாமியார். ஏழு மணிக்குத் தகரக் கோயிலில் பூசை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஓடிவந்து ஒன்பது மணிக்குக் கல் கோயிலில் வைப்பார். கேட் சாத்தியிருந்தால் ஒன்பது மணி ஒன்பதரை ஆகும். சாமியார் பிந்தி வந்ததற்கு மட்டும் யாரும் கதவைச் சாத்தவில்லை.

கடைசியில் ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பங்கையும் ஒன்றாக்கப் போகிறோம். ஒரு கோயிலில்தான் பூசை. அடுத்த மாதம் நாலு ஞாயிறும் கோயிலுக்குள் வருகிறவர்களை எண்ணி அனுப்புங்கள். கூட்டம் அதிகமுள்ள கோயிலை வைத்துக்கொள்ளலாம், மற்றதை மூடலாம் என்று எழுதியிருந்தது. கல் கோயில் பங்குப் பேரவை ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கண்டக்டரைக் கைகாட்டியது. தகரக் கோயில் பேரவை அவர் தங்கையைக் கைகாட்டியது. அண்ணனும் தங்கையும் எண்ணினால் அப்புறம் சந்தேகம் எங்கிருந்து வரும்?

முதல் ஞாயிறு கண்டக்டர் உள்ளது உள்ளபடி எண்ணினார். பேரவை அவரிடம் ஒரு சின்ன எந்திரம் கொடுத்திருந்தது. உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கினால் ஒவ்வொன்றாக ஏறும். நூற்று எண்பத்தெட்டு. மத்தியானம் கேட்டைத் தாண்டித் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே கள்ளமில்லாமல் சொன்னாள்.

"எங்களுக்கு இருநூத்தி ஒண்ணு அண்ணா. விசுவாசப் பிரமாணம் சொல்றப்போ எல்லாரும் எழுந்து நிப்பாங்கல்ல, அப்ப யாரும் அசைய மாட்டாங்க. ஓரமா நடந்து எண்ணிட்டேன். என்னைச் சேர்க்கல. எண்ணுறவளை யாராவது எண்ணுவாங்களா? உனக்கு எவ்வளவு?"

"இன்னும் கூட்டிப் பார்க்கலம்மா" என்றார்.

எந்திரம் காட்டிய நூற்று எண்பத்தெட்டில் கூட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? அதுதான் முதல் பொய்.

அன்றைக்குப் பூராவும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல் கோயில் தகரக் கொட்டகையிடம் தோற்பதா? தாத்தா காலத்துத் தூண்கள், அப்பா நின்ற வாசல், தன் கல்யாணம் நடந்த பீடம், எல்லாவற்றுக்கும் பூட்டு. நாளைக்குத் தான் கேட்டைத் தாண்டிப் போய் அந்தத் தகரத்துக்கடியில் வேர்த்து வழிய உட்கார வேண்டும். தகரக் கோயில்காரர்களுக்கும் தூணுக்குப் பதில் ஒன்று இருந்தது என்பதை அவர் நினைக்கவில்லை. அந்தக் கோயிலின் இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, கூரை மேல் சிலுவை, அத்தனையும் தங்கை புருஷன் வேலை முடிந்து வந்து சும்மா செய்து கொடுத்தவை. மனுஷன் செத்து ஆறு வருஷமாகிறது. தங்கை எப்போதும் அவர் வைத்த ஜன்னலுக்குக் கீழேதான் உட்காருவாள்.

இரண்டாம் ஞாயிறு. ஒரு கைக்குழந்தை வீல் என்று கத்தியது. தாய் வெளியே தூக்கிக்கொண்டு போய்ச் சமாதானப்படுத்தி உள்ளே வந்தாள். கண்டக்டரின் விரல் அமுக்கிவிட்டது. தான் அமுக்கவில்லை, விரல்தான் அமுக்கியது என்று அவர் கொஞ்ச நேரம் நம்பினார். பிறகு பீடி குடிக்கப் போனவன் திரும்பி வந்தான், அமுக்கினார். போன் பேசப் போனவள் வந்தாள், அமுக்கினார். 'உள்ளே வருகிறவர்களை எண்ணுங்கள்' என்றுதானே கடிதத்தில் இருக்கிறது என்று மனசுக்குள் வக்கீல் வேலை பார்த்தார். புதிதாக வேலைக்கு வரும் கண்டக்டர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, டீ குடிக்க இறங்கி ஏறுகிறவன் புதுப் பயணி இல்லை என்பதுதான். அந்தப் பாடம் அன்றைக்கு நினைவுக்கு வந்தது. வந்ததை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கோயிலுக்குள் பின்பக்க மூலையில் குடிதண்ணீர் டிரம் ஒன்று உண்டு. எட்டு மணிக்கே வந்து அதை உருட்டிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே மர நிழலில் வைத்துவிட்டார். நல்ல வெயில் காலம். தாகம் எடுத்தவர்கள் எல்லாம் வெளியே போய்க் குடித்துவிட்டு உள்ளே வந்தார்கள். "தண்ணி வெளியில ஜில்லுன்னு இருக்கு கண்டக்டர், நல்ல யோசனை" என்று இரண்டு பேர் பாராட்டிவிட்டும் போனார்கள். அன்று எந்திரம் இருநூற்று இருபத்தொன்று காட்டியது. அன்றைக்குத்தான் அப்பாவின் நினைவுப் பூசையும். தங்கை ஏழு மணிக்குத் தன் கோயிலில் எண்ணி முடித்துவிட்டு, அப்பாவுக்காக ஒன்பது மணிப் பூசைக்கும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் ஞாயிறும் டிரம் வெளியேதான் நின்றது. கடைசியில் இரண்டு கோயில் பலகையிலும் ஒவ்வொரு ஞாயிறின் கணக்கையும் தனித்தனியாக எழுதி ஒட்டினார்கள். தகரக் கோயில் மொத்தம் எண்ணூற்று ஒன்று. கல் கோயில் எண்ணூற்று நாற்பத்தொன்று. நாற்பது தலை வித்தியாசம். உள்ளபடி எத்தனை என்பது மண்டைக்குள் அந்த முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் தானாக ஏறியிருந்தது: எழுநூற்று அறுபத்தொன்று. ஆக, பிறக்காத எண்பது பேரைக் கண்டக்டர் பெற்றுப் போட்டிருந்தார்.

தகரக் கோயில்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், மறுபடி எண்ணச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். உள்ளுக்குள் அதற்காகக் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். யாரும் வரவில்லை. அந்தப் பக்கத்துப் பேரவைத் தலைவர், ஒரு லாரி மெக்கானிக், பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "கண்டக்டர் எண்ணினதா? அப்ப சரியாத்தான் இருக்கும்."

தகரக் கோயிலில் கடைசிப் பூசை நடந்தது. பூசை முடிந்து கோயிலைப் பூட்ட வேண்டும். அவர்களில் யாருக்கும் கை வரவில்லை. "நீங்க பூட்டுங்க கண்டக்டர், நீங்கதான் எங்களைச் சேர்த்துக்கிறவங்க" என்று மெக்கானிக் சொன்னார். வெல்டர் செய்த இரும்புக் கதவை இழுத்துச் சாத்திச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அப்பா ஒரு கதவைச் சாத்தினார். அவராவது சாமியார் சொல்லிச் சாத்தினார். தங்கை பக்கத்தில் நின்றாள். அழவில்லை. சங்கிலி கதவில் உரசாமல் இருக்க அதில் ஒரு பழைய துணியைச் சுற்றிவிட்டாள்.

அதற்கு இரண்டு வாரத்தில் அவள் மருந்துக் கவுண்டர் வேலையை விட்டுவிட்டாள். இன்னும் ஐந்து வருஷம் சர்வீஸ் இருந்தது.

"கண்ணு சரியில்லண்ணா. எண்ணுறப்போ தடுமாறுது. யாருக்காவது ஒண்ணு கூடப் போயிட்டா என்ன பண்றது?"

கண்டக்டரே கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கடைசி வரிசைப் பொடி எழுத்துவரை படிக்க வைத்துவிட்டு, "சின்னப் பொண்ணு கண்ணு மாதிரி இருக்கு, போயிட்டு வாங்க" என்றார். வெளியே வந்து கண்டக்டர் அவளுக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். கண்ணில் கோளாறு இல்லை என்று சந்தோஷம். டாக்டரே சொல்லிவிட்டாரே, வேலைக்குத் திரும்பிப் போயேன் என்றார். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். புருஷன் கைபட்ட கோயில் போன துக்கம் இப்படி வேலையில் இறங்கியிருக்கிறது என்று அவராக ஒரு முடிவுக்கு வந்தார். அவளைப் பற்றி அதற்குமேல் யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது.

இரண்டு பங்கும் ஒன்றாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இருநூறும் நூற்றுத் தொண்ணூறும் சேர்ந்தால் முந்நூற்றுத் தொண்ணூறு வர வேண்டும். வந்தது இருநூற்று அறுபது. கால் வலிக்காரர்கள் கேட்டைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டார்கள். வந்தவர்களும் பழையபடி பிந்தித்தான் வந்தார்கள், ரயில் என்ன ஆயர் சொல்லியா ஓடுகிறது? கண்டக்டர் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் பூசை முடியும்வரை திறந்தே வைத்திருப்பார். மழை அடித்துக் கடைசி இரண்டு பெஞ்சும் நனைந்தாலும் சாத்த விடமாட்டார். கண்டக்டருக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள்மேல் எவ்வளவு கரிசனம் என்று ஊர் மெச்சியது. மெச்ச மெச்ச அவருக்கு உடம்பில் முள் குத்தியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருவதற்கே பயந்தது.

அப்போதுதான் இரண்டு பங்கின் வரலாற்றையும் ஒரே புத்தகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. எழுதுகிற பொறுப்பு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. அவர் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்கே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ரயில், கதவு, கிடங்கு எல்லாம் அழகாக வந்திருந்தது. கடைசிப் பத்தி இப்படி இருந்தது: "இணைப்புக்கான எண்ணிக்கையை, ஒரு பயணியைக்கூட வழியில் விட்டுவராத கைகள் பிழையின்றிச் செய்து முடித்தன. தந்தையின் காலத்தில் சாத்தப்பட்ட கதவு மகனின் காலத்தில் திறந்தது."

"எப்படி இருக்கு?" என்று வாத்தியார் கேட்டார்.

"அந்தக் கடைசிப் பத்தி வேண்டாம் வாத்தியாரே."

"உங்க அடக்கம் எனக்குத் தெரியாதா? அது இருக்கட்டும்."

கண்டக்டரின் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "எழுதட்டுமே, நாலு பேர் படிக்கட்டும்" என்றாள். அவளுக்கும் தெரியாது. அன்று சாயங்காலமே கண்டக்டர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டார். டிரம்மை உருட்டியதுவரை ஒன்று விடாமல் சொன்னார். தட்டிக்கு மறுபக்கம் சாமியார் முழுக்கக் கேட்டார்.

"இதை என்கிட்ட சொன்னா மட்டும் போதாது. யாருக்குக் கெடுதல் பண்ணீங்களோ அவங்ககிட்ட சொல்லணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பேரவைக் கூட்டம். கோயிலை ஒட்டிய மறைக்கல்வி அறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சுகளில் முழங்கால் தாடையில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார், வாத்தியார், மெக்கானிக், இன்னும் பத்துப் பேர். தங்கையும் கடைசிப் பெஞ்சில் இருந்தாள். புத்தகத்தின் பேச்சு வந்ததும் கண்டக்டர் எழுந்தார்.

"அந்தக் கணக்கு பொய். நான் கூட்டி எண்ணினேன். வெளிய போய் வந்தவங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். மொத்தம் எண்பது தலை. நியாயமா மூட வேண்டியது இந்தக் கோயில்தான்."

மெக்கானிக் சிரித்தார்.

"உக்காருங்க கண்டக்டர். எங்க கோயில் பூட்டிக் கிடக்குதேன்னு உங்களுக்கு மனசு கேக்கல. அதுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கணுமா?"

"சத்தியமாச் சொல்றேன். தண்ணி டிரம்மை நான்தான் வெளிய வச்சேன்."

"வெயில்ல ஜனங்க தவிச்சாங்க, வச்சீங்க" என்றார் வாத்தியார். "ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. எண்ணுறதுல உங்களுக்கு மட்டும் சறுக்காது. அது எங்க எல்லாருக்கும் தெரியும். இதையும் புத்தகத்துல சேர்க்கணும்னு தோணுது, எப்பேர்ப்பட்ட மனசு பாருங்க."

கண்டக்டர் சாமியாரைப் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியுமே என்று கண்ணாலேயே கெஞ்சினார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கழுத்தை அறுத்தாலும் சாமியார் வெளியே சொல்ல முடியாது. தலையைக்கூட ஆட்ட முடியாது. அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். எல்லோரும் தட்டினார்கள். வாழ்நாளில் எத்தனையோ தடவை பாராட்டு வாங்கியவர், அன்றைக்கு வாங்கியதைப் போல ஒரு செருப்படியை வாங்கியதில்லை.

கைதட்டல் ஓய்ந்தபோது கடைசிப் பெஞ்சு காலியாக இருந்தது.

அவர் வேகமாக நடந்தார். கேட் சாத்தியிருந்தது. இரண்டு சைக்கிள்காரர்களுக்குப் பின்னால் தங்கை நின்றிருந்தாள், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. பக்கத்தில் போய் நின்றார். அவள் திரும்பவில்லை.

"நீயும் நம்பலையாம்மா?"

"நம்புறேன்" என்றாள்.

அவருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. ஒரு ஆளாவது நம்பியதே.

"அப்பா பூசை அன்னைக்கு நான் பின்னாடி உக்காந்திருந்தேன்ல. பழக்க தோஷம், விசுவாசப் பிரமாணத்துல எல்லாரும் எழுந்ததும் எண்ணிட்டேன். நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. அப்புறம் பலகையில பார்த்தா இருநூத்தி இருபத்தொண்ணுன்னு எழுதியிருந்தது."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே."

"உன்னையா?" இப்போதுதான் அவரைப் பார்த்தாள். "நீ எண்ணினதை நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்? இருபத்தொம்பது பேரை என் கண்ணு விட்டுடுச்சுன்னுதான் நினைச்சேன். ஒரு கோயில்ல இருபத்தொம்பது பேரை விடுறவ, மாத்திரையில எத்தனை விட்டிருப்பா? எத்தனை பேருக்குக் கூடப் போட்டிருப்பா? வாரக்கணக்கா தூங்கல. அப்புறம் போய் வேலையை விட்டுட்டு வந்தேன்."

கண்டக்டர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண் டாக்டர் வீட்டு வாசல், பன், டீ டம்ளர், அதைப் பார்த்துக்கொண்டே அவள் தலையை ஆட்டியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. எண்பது தலையைக் கூட்டியதில் நாற்பதால் ஜெயித்தோம் என்றுதான் இத்தனை நாளும் கணக்கு வைத்திருந்தார். யாருடைய தலைக்குள் போய் அது உட்கார்ந்தது என்பதை எண்ணவே இல்லை. அன்று வெட்கப்பட்டதைப் போல அவர் எப்போதும் வெட்கப்பட்டதில்லை; வெட்கம் என்ற சொல்லே அவருக்குச் சின்னதாகப் பட்டது.

"நான் ஆஸ்பத்திரியில போய்ப் பேசுறேன். நடந்ததைச் சொல்றேன். திரும்ப எடுத்துக்கச் சொல்றேன்" என்றார்.

"வேற பொண்ணு வந்தாச்சு. ஒரு வருஷம் ஆகப்போகுது."

"என்னை ரெண்டு வார்த்தை திட்டியாவது விடும்மா."

"திட்டி என்ன ஆகப் போகுது? டாக்டர் சொல்லியும் நம்பாம ஒரு வருஷமா வீட்டுல அரிசியைப் பரப்பிவச்சு எண்ணிப் பார்த்துக்கிட்டிருக்கேன். பைத்தியம் புடிக்குதோன்னு பயந்துகிட்டு. பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லல."

சரக்கு ரயில் வந்தது. எண்ணெய் டாங்கிகள், மூடிய பெட்டிகள், கரி ஏற்றிய திறந்த பெட்டிகள் என்று நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. தரை அதிர்ந்தது. எண்ணக் கூடாது என்றுதான் கண்டக்டர் நினைத்தார். கண் தானாக எண்ணியது. பக்கத்தில் அவள் உதடும் லேசாக அசைவது தெரிந்தது. கடைசிப் பெட்டியின் பின்னால் சிவப்புக் கொடி ஆடிக்கொண்டே தூரத்தில் மறைந்தது.

நீ முதல்ல சொல்லு என்று அவள் கேட்பதற்காக அவர் காத்திருந்தார்.

"அம்பத்தி மூணு" என்றாள் அவள். யாருக்காகவும் சொன்னதாகத் தெரியவில்லை.

கேட் தூக்கினார்கள். சைக்கிள்காரர்கள் முன்னே போனார்கள். அவளும் தண்டவாளத்தைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, திரும்பிப் பார்க்காமல் அந்தப் பக்கம் நடந்தாள். அவர் எண்ணியதும் ஐம்பத்துமூன்றுதான். எனக்கும் அதேதான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அவர் சொன்னால் அது யாருக்கு வேண்டும் என்று தோன்றியது, மூடிக்கொண்டார்.